குடம் நிற்குமா? செல்போனில் எது இல்லாவிட்டால் உண்மையிலேயே குறை

வாடகைக்கு வீடு காட்ட வரும் தரகர் சமையலறைக்குள் நுழைந்ததும் சுவரில் பதித்த டைல்ஸைக் காட்டுவார். சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும் அலமாரிக் கதவை இழுத்துக் காட்டுவார். அங்கே தினமும் சமைக்கப்போகிறவரின் கண் போகும் இடம் வேறு. குழாய்க்கு அடியில் குடம் நிற்குமா? சிலிண்டர் தீர்ந்தால் உருட்டி வெளியே எடுக்க வழி இருக்கிறதா? மிக்ஸிக்கு ப்ளக் பாயின்ட் மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறதா? அரிசி மூட்டையை எங்கே வைப்பது?

புதிதாக ஒரு செல்போன் வரும்போதெல்லாம் அதில் என்னென்ன இல்லை என்று ஒரு வாக்குவாதம் கிளம்புகிறது. ஒருவருக்கு இயர்போன் துளை இல்லாதது பெரிய குறை. இன்னொருவருக்கு வயர்லெஸ் சார்ஜிங் இல்லாதது. மூன்றாமவருக்கு 8கே வீடியோ. எல்லாக் குறைகளையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுவதால் எது சாதாரண மனிதருக்குக் கை ஒடிந்த குறை, எது வெறும் ஆசை என்பது தெரியாமல் போகிறது. நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இந்த வசதி இல்லாததால் நான் யார் வாசலிலாவது போய் நிற்க வேண்டியிருக்கிறதா? கடைக்காரரிடமோ, மாத வாடகை கேட்கும் நிறுவனத்திடமோ, சிக்னலிடமோ, விவரம் தெரிந்த அக்கம்பக்கத்துப் பையனிடமோ. ஆம் என்றால் அது குறை. மற்றதெல்லாம் அலமாரிக் கதவு.

இதைப் புரிந்துகொள்ள, செல்போனை ஒரு சமையலறையாக நினைத்துக்கொள்வது உதவும். ப்ராசசர்தான் அடுப்பு. ராம் என்பது காய் நறுக்கி, மாவு பிசைந்து வைக்கும் மேடை. ஸ்டோரேஜ், மளிகைச் சாமான் அடுக்கும் அலமாரி. பேட்டரி, சிலிண்டர். சிம் தட்டு, சார்ஜிங் துளை, இயர்போன் துளை ஆகியவை குழாயும் ஜன்னலும். வெளியுலகம் உள்ளே வரும் வழிகள். ஒவ்வொரு செயலியும் ஒரு சமையல்காரர். அவரவருக்கென்று தனி மூலை உண்டு. அடுத்தவர் பாத்திரத்தை ஒருவர் திறந்து பார்க்க முடியாது.

இந்தக் கடைசி விதிதான் முதல் ஐபோனின் புகழ்பெற்ற குறையை விளக்குகிறது. 2007 ஜனவரி 9 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் காட்டிய அந்தப் போனில் காப்பி-பேஸ்ட் கிடையாது. வீடியோ எடுக்க முடியாது. எம்எம்எஸ் இல்லை, 3ஜி இல்லை, வெளியார் செய்த செயலிகளைப் போட்டுக்கொள்ள வழியில்லை. அதே ஆண்டு கடைக்கு வந்த நோக்கியா என்95-இல் 5 மெகாபிக்சல் கேமரா, ஜிபிஎஸ், 3ஜி, வீடியோ எல்லாம் இருந்தன. பாத்திரக் கணக்கெடுத்தால் நோக்கியாவின் சமையலறைதான் நிறைந்தது. ஆனாலும் அடுத்த மாடல் வருவதற்குள் முதல் ஐபோன் சுமார் 60 லட்சம் விற்றது. இதை எடுத்துக்காட்டி, இல்லாத வசதிகளை யாரும் பொருட்படுத்துவதில்லை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விரலால் தொட்டு இணையப் பக்கத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் சுகத்துக்காக மக்கள் மற்றதைப் பொறுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இல்லாதவற்றை ஆப்பிள் ஒவ்வொன்றாகக் கொண்டுவரத்தான் வேண்டியிருந்தது. 2008-இல் 3ஜியும் செயலிக் கடையும். 2009 ஜூனில் காப்பி-பேஸ்ட்டும் எம்எம்எஸ்ஸும்.

காப்பி-பேஸ்ட்டுக்கு இரண்டு ஆண்டு ஏன் பிடித்தது? எழுத்தைவிடப் பருமனான விரலால் ஒரு சொல்லைத் துல்லியமாகப் பிடிக்கும் முறையைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது ஒரு பாதி. மறுபாதி, தனித்தனி மூலையில் சமைப்பவர்களுக்கு நடுவே ஒரு பொதுத் தட்டு வைப்பது. ஒருவர் அதில் வைத்ததை மற்றவர் எடுக்கலாம். ஆனால் யார் எப்போது எடுக்கலாம்? இந்தக் கேள்வி பல ஆண்டுகள் கழித்துத்தான் கூர்மையானது. 2020-இல் ஐஓஎஸ் 14, தட்டைத் தொடும் செயலியின் பெயரைத் திரையில் காட்டத் தொடங்கியதும், பல செயலிகள் கேட்காமலே அதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது வெளிப்பட்டது. வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, ஓடிபி என்று நாம் அந்தத் தட்டில் என்னவெல்லாம் வைக்கிறோம்! அது இல்லாத போனில் கணக்கு எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பார்த்துப் பார்த்துத் தட்ட வேண்டும். ஓர் இலக்கம் பிசகினால் பணம் வேறெங்கோ போகும். பிறகு வங்கி வாசலில் நிற்க வேண்டும்.

முதல் ஐபோன்களின் அந்தக் காலத்தில் தமிழ் படிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் அது ஏறவில்லை. ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ், கட்டம் கட்டமாகத் தெரிந்தது. எழுத்துரு சேர்த்துக் கொடுத்த போன்களிலும் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சொற்கள் சிதறின.

காரணம் இதுதான். ‘கொடு’ என்று நாம் தட்டும்போது போனுக்குள் சேமிக்கப்படுவது ஒலியின் வரிசை: முதலில் ‘க’, அடுத்து ஒகரத்தின் குறி, பிறகு ‘ட’, பிறகு உகரத்தின் குறி. திரையிலோ ஒகரத்தின் கொம்பு ககரத்துக்கு முன்னால் வர வேண்டும், அதன் கால் பின்னால் வர வேண்டும், ‘டு’ தன் வடிவத்தையே மாற்றிக்கொள்ள வேண்டும். சமைத்த வரிசையில் யாரும் இலையில் வைப்பதில்லையே. உப்பும் ஊறுகாயும் எந்த ஓரம், சோறு எங்கே என்று பரிமாறத் தெரிந்த ஒருவர் வேண்டும். எழுத்துகளை அப்படிப் பரிமாறும் நிரல்பகுதி பல போன்களில் இல்லை. எழுத்துருவே இல்லாத போனில் இலை காலி. அதுதான் கட்டம்.

அன்று பலர் பிழைத்தது ஓப்பரா மினி உலாவியால். அதன் முகவரிப் பட்டையில் ‘ஓப்பரா:கான்ஃபிக்’ என்று தட்டி, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும் அமைப்பை இயக்கினால், எங்கோ இருக்கும் அதன் சர்வர் தமிழ்ப் பக்கத்தின் எழுத்துகளைப் படமாக வரைந்து அனுப்பும். நம் வீட்டில் பரிமாற ஆளில்லாமல் வெளியே சொல்லி இலையோடு வரவழைத்த சாப்பாடு. அந்த உலாவிக்குள் தமிழ் படிக்கலாம். அதே போனுக்கு வரும் குறுஞ்செய்தியில் மறுபடி கட்டம்தான். ஆண்ட்ராய்டு 4-ஆம் பதிப்பின் காலத்தில் இது மெல்லச் சீரானது. ஐபோனில் தமிழ் விசைப்பலகை உள்ளிருந்தே கிடைத்தது 2013-இல், ஐஓஎஸ் 7 வந்தபோது. தாய்மொழியில் எழுதவும் படிக்கவும் முடியாத போனை எத்தனை மெகாபிக்சல் காப்பாற்றும்? இன்றும் புதுப் போன்களைப் பற்றிய பேச்சில் தமிழ்க் குரல்தட்டச்சு எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று ஒருவரும் சொல்வதில்லை. எழுத்துக்கூட்டித் தட்டச் சிரமப்படும் பெரியவர்களுக்கு அந்த ஒரு வசதிதான் போன்.

அடுத்தது அலமாரி. செல்போன் பழுதுபார்க்கும் எந்தக் கடையிலும் சிறிது நேரம் நின்றால் இந்தக் காட்சி கண்ணில் படும். ஓர் அம்மா போனை நீட்டுகிறார். “இடமில்ல இடமில்லன்னே சொல்லுது தம்பி.” கடைப் பையன் பார்த்துவிட்டு, “வீடியோ நெறைய இருக்குக்கா, அழிச்சிரலாமா?” என்கிறான். அவர் போனைத் திரும்ப வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறார். பேரனின் முதல் நடை, கோயில் கொடை, போன வருடம் காலமான யாரோ ஒருவரின் குரல். “இத அழிச்சா வேற எங்கயாச்சும் இருக்குமா?” “கிளவுட்ல போடலாம்க்கா. மாசாமாசம் பணம் கட்டணும்.” அவர் எதையும் அழிக்காமல் போனை முந்தானையில் முடிந்துகொண்டு போகிறார்.

மெமரி கார்டுக்கான துளை இருந்திருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும் விஷயம். சாம்சங் 2015-இல் கேலக்ஸி எஸ்6-இல் அந்தத் துளையை எடுத்தது. அடுத்த ஆண்டு எஸ்7-இல் திரும்பக் கொடுத்தது. 2021-இல் எஸ்21-இல் மறுபடி எடுத்துவிட்டது. எடுத்ததற்குச் சொல்லப்படும் காரணம் வேகம். அதில் உண்மை இல்லாமலில்லை. போனுக்குள்ளேயே இருக்கும் யுஎஃப்எஸ் 3.1 வகை நினைவகம் விநாடிக்குச் சுமார் 2,000 மெகாபைட் படிக்கும். பரவலாகப் புழங்கும் யுஎச்எஸ்-1 வகைக் கார்டின் உச்சமே 104 மெகாபைட்தான். செயலியைக் கார்டில் வைத்து ஓட்டுவது, அஞ்சறைப்பெட்டியைப் பரணில் வைத்துவிட்டு ஒவ்வொரு தாளிப்புக்கும் ஏணி ஏறுவதற்குச் சமம். ஆனால் அந்த அம்மாவுக்கு வேண்டியது செயலி அல்ல, பேரனின் வீடியோ. 4கே வீடியோகூட விநாடிக்கு ஆறேழு மெகாபைட் கிடைத்தால் தடையில்லாமல் ஓடும். பண்டிகைப் பாத்திரங்களுக்குப் பரண் போதும், பரணே வேண்டாம் என்பதுதான் அநியாயம். அதிக ஸ்டோரேஜ் உள்ள மாடலுக்குப் பல ஆயிரம் ரூபாய் கூடுதலாக வாங்குகிற நிறுவனங்களுக்குப் பரண் இல்லாத வீடு லாபம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அலமாரி நிரம்பினால் போன் ஏன் மந்தமாகிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. ஃப்ளாஷ் நினைவகத்தில் எழுதுவது சிறு சிறு பக்கங்களாக. அழிப்பதோ பல பக்கங்கள் சேர்ந்த பெரிய கட்டியாகத்தான் முடியும். ஒரு தட்டு முழுவதையும் காலி செய்யாமல் அதில் ஒரு டப்பாவைக்கூட மாற்ற முடியாத அலமாரி அது. இடம் தாராளமாக இருந்தால் புதியதைக் காலித் தட்டில் வைத்துவிடலாம். நிரம்பிவிட்டால் வேண்டியதை வேறிடத்துக்கு மாற்றி, தட்டைத் துடைத்து, பிறகுதான் வைக்க முடியும். ஒரு போட்டோ எடுத்ததும் போன் சற்று உறைந்து நிற்பது பல சமயம் இந்த இடமாற்றத்தால்தான்.

பேட்டரியைப் பற்றிச் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது. நோக்கியா 1100 காலத்து பிஎல்-5சி பேட்டரியைப் பெட்டிக்கடையில்கூட வாங்கலாம். கட்டைவிரலால் மூடியைத் தள்ளி, பழையதை நெம்பி எடுத்து, புதியதை அழுத்தினால் முடிந்தது. இன்றும் சந்தையில் விற்கும் சின்ன எஃப்எம் ரேடியோக்கள் பலவற்றில் அதே பேட்டரிதான் கிடக்கிறது. இன்றைய செல்போனில் பின்பக்கக் கண்ணாடியைச் சூடாக்கிப் பசையை இளக்கி, மெல்லிய தகட்டைச் செருகிப் பிரித்து, ஒட்டியிருக்கும் பேட்டரியை உரித்தெடுக்க வேண்டும். சிலிண்டரைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்கள். தீர்ந்தால் கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டும்.

அது தீரும் என்பதில் சந்தேகமே இல்லை. லித்தியம்-அயான் பேட்டரியை ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் உள்ளே கிராஃபைட்டின் மேல் ஒரு படலம் மிக மெல்லியதாகத் தடிக்கிறது. அதில் கொஞ்சம் லித்தியம் சிக்கி மீளாமல் போகிறது. வெயிலும் சூடும் இதை விரைவுபடுத்தும். பைக் கைப்பிடியில் மாட்டி மே மாத வெயிலில் வழி காட்டும் டெலிவரிப் பையனின் போன் எப்படித் தாங்கும்? பல போன்களில் 500 முறை முழுதாக ஏற்றி இறக்கியபின் கொள்ளளவு சுமார் 80 விழுக்காடு மிஞ்சும் என்று கணக்கிட்டே பேட்டரியை வடிவமைக்கிறார்கள். தினமும் ஒரு சார்ஜ் என்றால் ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

கொள்ளளவு குறைவதைவிடத் தொல்லை தருவது உள்தடை கூடுவது. தீரும் தறுவாயில் இருக்கும் சிலிண்டரில் ஓர் அடுப்பு எரியும். இரண்டையும் முழுதாகத் திருகினால் தீ சுணங்கிப் படுத்துவிடும். முதிர்ந்த பேட்டரியும் அப்படித்தான். 30 விழுக்காடு காட்டிக்கொண்டிருக்கும், கேமராவைத் திறந்து ஃப்ளாஷ் போட்டதும் மின்னழுத்தம் சட்டென்று சரிந்து போன் அணைந்துவிடும். இப்படி அணையாமலிருக்க, பழைய ஐபோன்களின் அடுப்பையே சிறிதாக எரிய வைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. மாற்றிக்கொண்டவர்களுக்குப் போனின் பழைய வேகம் திரும்பியது. போன் பழசாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்று நினைத்திருந்த எத்தனையோ பேருக்கு வேண்டியிருந்தது ஒரு சிலிண்டர் மட்டுமே.

பூசி மூடியதற்குச் சொல்லும் காரணம், தண்ணீர் புகாமல் காப்பது, மெலிதாக்குவது. மெலிதாவது உண்மை. தண்ணீர்க் காரணத்தை அப்படியே ஏற்க முடியவில்லை. 2014-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5-இன் பின்மூடியைக் கையால் கழற்றிப் பேட்டரியை மாற்றலாம். அது ஐபி67 தரத்தில், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். மூடியின் உட்புறம் ஒரு ரப்பர் விளிம்பு ஓடியது. குக்கர் மூடிக்கு கேஸ்கட் போல. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய பேட்டரிச் சட்டத்தின்படி, சில விலக்குகளோடு, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற வழி இருக்க வேண்டும். அப்படி ஒரு சட்டம் இங்கேயும் வேண்டும் என்று நான் கேட்பேன். கழற்றும் பேட்டரி வந்தால் போலிப் பேட்டரிகளும் வரும், உப்பும், வெடிக்கும் என்ற அச்சம் நியாயமானது. அதற்குத் தரச்சான்றும் சோதனையும்தான் மருந்து.

இனி ஜன்னல். 2016 செப்டம்பரில் ஐபோன் 7-இல் இயர்போன் துளையை நீக்கியபோது ஆப்பிளின் ஃபில் ஷில்லர் அதைத் துணிச்சல் என்றார். பின்னர் மற்ற நிறுவனங்களும் விலை உயர்ந்த போன்களில் அதையே செய்தன. இசைத்தரம் பற்றித்தான் அப்போது அதிகம் சண்டை போட்டார்கள். நம் ஊர்களில் அந்தத் துளையோடு சேர்ந்து போனது எஃப்எம் ரேடியோ.

எஃப்எம் அலைவரிசை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்த அலை ஒன்றின் நீளம் சுமார் 3 மீட்டர். அதை நன்றாகப் பிடிக்க அதில் கால் பங்காவது, அதாவது முக்கால் மீட்டர் அளவு, நீண்ட கம்பி வேண்டும். ஒரு சாண் போனுக்குள் அது எங்கே அடங்கும்? அதனால்தான் ஒரு மீட்டருக்கு மேல் தொங்கும் இயர்போன் ஒயரையே ஆன்டெனாவாகப் பயன்படுத்தினார்கள். எஃப்எம் போட்டால் முதலில் இயர்போனைச் செருகச் சொல்வது இதற்காகத்தான். துளை போனதும் கம்பி போயிற்று. பல போன்களில் வைஃபையும் ப்ளூடூத்தும் இருக்கும் அதே சில்லுக்குள் எஃப்எம் வாங்கும் பகுதியும் இருக்கிறது. குழாய் இருக்கிறது, தெருக்குழாயோடு இணைப்பு கொடுக்கவில்லை.

இணையத்தில் ரேடியோ கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம், டவர் நிற்கும்வரை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது டெல்டாவில் மின்கம்பங்களோடு செல்போன் டவர்களும் சாய்ந்தன. நின்ற டவர்களிலும் டீசல் தீர்ந்தது. பல ஊர்களில் மின்சாரம் திரும்ப நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் ஆனது. அப்படிப்பட்ட நேரத்தில் ஊருக்கு ஊர் டவர் தேவைப்படாமல், தொலைவிலிருந்தே ஓர் ஒலிபரப்பு எட்டிவிடும். மலைமேல் நிற்கும் கொடைக்கானல் பண்பலை சமவெளியில் பல மாவட்டங்களில் கேட்பது நமக்குத் தெரிந்ததே. எஃப்எம் வாங்குவதற்குப் பேட்டரியும் மிகக் குறைவாகவே செலவாகும். 2023-இல் ஒன்றிய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், எஃப்எம் உள்ள போன்களில் அதை முடக்க வேண்டாம், இல்லாதவற்றில் சேர்க்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. அறிவுரை கட்டளை ஆகவில்லை. ஊரே இருட்டில் இருக்கும்போது அடுத்து என்ன வருகிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது என்ன கொடுமை என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். என் பட்டியலில் இது மேல்வரிசைக் குறை.

ப்ளூடூத் இயர்பட்ஸ் அந்தத் துளைக்கு முழு மாற்று ஆகவில்லை. ஒலியைச் சுருக்கிப் பொட்டலம் கட்டி அனுப்பி, அங்கே பிரித்து விரிக்க நேரம் பிடிப்பதால் சற்றுத் தாமதிக்கும். மேலும் ஒவ்வொரு பட்டுக்குள்ளும் ஒரு குட்டிச் சிலிண்டர், அதுவும் பூசி மூடியது.

மற்றவற்றில் பலவற்றுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. வயர்லெஸ் சார்ஜிங் இல்லாவிட்டால் ஒயரைச் செருகிக்கொள்ளலாம். 8கே வீடியோ அலமாரியை நிரப்பும், பார்க்கத் திரை வேண்டும். டிவி ரிமோட்டாகும் அகச்சிவப்பு விளக்கு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ரிமோட் இருக்கிறது. 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமராவைக் கேமரா எண்ணிக்கை கூட்டவே வைக்கிறார்கள்.

சிம் தட்டை மட்டும் விட்டுவிட முடியாது. நம்மில் பலருக்கு வங்கியிலும் ஆதாரிலும் பதிந்த பழைய எண் ஒன்று, மலிவான டேட்டாவுக்கு இன்னொன்று. பெரும்பாலான இரட்டை சிம் போன்களில் ரேடியோ ஒன்றுதான். ஒற்றை அடுப்பில் இரண்டு பாத்திரத்தை மாற்றி மாற்றி வைப்பது போல, அழைப்பு வந்திருக்கிறதா என்று விநாடிக்கொருமுறை என்கிற அளவில் இந்த எண்ணுக்கும் அந்த எண்ணுக்குமாக மாறி மாறிக் காது கொடுக்கும். ஓர் எண்ணில் பேசத் தொடங்கிவிட்டால் அடுப்பு முழுதும் அதற்கே. மற்ற எண்ணுக்கு அழைப்பவரிடம் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று சொல்லும். மற்ற சிம்மின் டேட்டா வழியாக அழைப்பைக் கொண்டுவரும் வசதி சில போன்களில் உண்டு. வாங்கும்போது கேட்டுக்கொள்வது நல்லது.

அமெரிக்காவில் 2022-இல் வந்த ஐபோன் 14 முதல் சிம் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும். திரை உடைந்த போனிலிருந்து சிம்மைப் பிடுங்கி அண்ணன் போனில் போட்டு, அடுத்த நிமிடம் வங்கியின் ஓடிபியை வாங்கிவிடலாம். இ-சிம்மை அப்படிப் பிடுங்க முடியாது. வேறு போனுக்கு மாற்ற இணையமும் நிறுவனத்தின் தயவும் வேண்டும். அந்தத் தட்டு இங்கே போகாமல் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

தட்டு இருக்கும் போன்களிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஹைப்ரிட் என்று சொல்லும் தட்டில் குழிகள் இரண்டே. இரண்டாவது குழியில் சிம் போட்டால் மெமரி கார்டு போட முடியாது, கார்டு போட்டால் சிம் போட முடியாது. பெட்டியின்மேல் இரட்டை சிம் என்றும் மெமரி கார்டு என்றும் தனித்தனியாக அச்சிட்டிருக்கும். கடையில் பணம் கட்டுவதற்கு முன் ஊசியை வாங்கித் தட்டை வெளியே இழுத்துக் குழிகளை எண்ணிப் பாருங்கள். இயர்போன் துளை இருந்தால் ஒயரைச் செருகி, எஃப்எம் திறந்து, ஏதாவது ஒரு நிலையம் பேசுகிறதா என்று அங்கேயே நின்று கேளுங்கள். இரண்டு வருடம் கழித்து பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும், எங்கே மாற்றுவார்கள் என்று கேட்டு, பில்லின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.